இணையத்தில் உள்ள நம் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமணம் முடிந்து குழந்தை பிறந்த பிறகும் வரன் தேடும் தளத்தில் நிற்கும் படம், அடைத்து முடித்த கடனுக்குப் பிறகும் கைபேசியின் தொடர்பு எண்களை வைத்திருக்கும் செயலி, விடுதலையாகிப் பத்தாண்டு ஆன பின்னும் பெயரைத் தட்டியதும் முதலில் வந்து நிற்கும் வழக்கு. இவற்றைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே கேள்விக்குத்தான் வருகிறார்கள்: இதை எடுக்கச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் யாரிடம் எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தே அது பலன் தருகிறது. பெரும்பாலான கோரிக்கைகள் வீணாவது சட்டத்தில் இடமில்லாததால் அல்ல, தவறான இடத்தில் தவறான ஒன்றைக் கேட்பதால் என்பதே நான் பார்த்தது. அதனால்தான் இந்தப் பதில்கள் சற்று நீளமாக இருக்கின்றன.

இந்த உரிமை என்பது சரியாக என்ன?

ஒரு நிறுவனம் நம்மைப் பற்றித் திரட்டி வைத்திருக்கும் தகவலை, அது எந்தக் காரியத்துக்காக வாங்கப்பட்டதோ அந்தக் காரியம் முடிந்த பிறகோ, நாம் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெற்ற பிறகோ அழித்துவிடும்படி கேட்கவும், கேட்டும் அழிக்காவிட்டால் அதற்கென உள்ள அதிகார அமைப்பிடம் முறையிடவும் சட்டம் தரும் உரிமை இது. அழிப்புரிமை என்றும், மறக்கப்படும் உரிமை என்றும் இரண்டு பெயர்கள் வழங்குகின்றன.

நடைமுறையில் இதற்குள் மூன்று வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருக்கின்றன. தகவலை வைத்திருப்பவரே அதை அழிப்பது ஒன்று. மூலப் பக்கம் இருந்த இடத்திலேயே இருக்க, நம் பெயரைத் தேடும்போது அது தேடுபொறியின் முடிவுகளில் வராமல் செய்வது இன்னொன்று. பக்கமும் இருக்கும், தேடலிலும் வரும், ஆனால் அதில் நம் பெயருக்குப் பதிலாக ஓர் எழுத்து மட்டும் நிற்கும் என்பது மூன்றாவது. முதலாவதை நிறுவனத்திடமும், இரண்டாவதைத் தேடுபொறியிடமும், மூன்றாவதைப் பெரும்பாலும் நீதிமன்றத்திடமோ செய்தித்தாளிடமோ கேட்க வேண்டும்.

இந்த உரிமை எங்கிருந்து வந்தது?

ஸ்பெயின் நாட்டில் 1998ஆம் ஆண்டு ஜனவரியிலும் மார்ச்சிலும் ‘லா வான்குவார்தியா’ என்ற நாளிதழில் இரண்டு சிறு அறிவிப்புகள் வெளிவந்தன. சமூகப் பாதுகாப்புத் துறைக்குச் செலுத்த வேண்டிய பாக்கிக்காக ஒருவரின் சொத்து ஏலத்துக்கு வருகிறது என்பதே செய்தி. சட்டப்படி வெளியிட்டாக வேண்டிய அறிவிப்புதான். பாக்கி தீர்ந்துபோனது. ஆண்டுகள் ஓடின. நாளிதழ் தன் பழைய இதழ்களை இணையத்தில் ஏற்றியது. அதன் பிறகு அவர் பெயரைக் கூகுளில் தட்டியவர்களுக்கெல்லாம் அந்த ஏல அறிவிப்பு முன்னால் வந்தது.

அவர் 2010இல் ஸ்பெயினின் தரவுப் பாதுகாப்பு முகமையிடம் முறையிட்டார். நாளிதழ் செய்தது சட்டப்படி சரியே என்று அந்தப் பகுதியை முகமை தள்ளிவிட்டது. கூகுள் மீதான பகுதியை ஏற்றுக்கொண்டது. கூகுள் நீதிமன்றம் போயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 மே 13 அன்று தீர்ப்பளித்தது: தேடுபொறி வெறும் வழிகாட்டிப் பலகை அல்ல, ஒருவரின் பெயருக்குக் கீழே அவர் வாழ்க்கையின் துண்டுகளைத் தானே திரட்டி அடுக்கித் தருகிறது, ஆகவே அந்தத் திரட்டுக்கு அதுவும் பொறுப்பு. காலம் கடந்து பொருத்தம் இழந்த தகவலைப் பெயர்த் தேடலின் முடிவிலிருந்து விலக்கும்படி அதனிடமே நேராகக் கேட்கலாம். அந்த மாதக் கடைசியில் கூகுள் ஒரு விண்ணப்பப் படிவத்தை வெளியிட்டபோது, முதல் நாளிலேயே 12,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. அத்தனை பேர் அதுவரை வாய்விட்டுச் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறார்கள்.

அந்த மனிதரின் பெயர் சட்டப் புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. அவர் கேட்டது அதுவல்ல என்பதால் இங்கே அதை எழுதவில்லை.

தேடலிலிருந்து விலக்கிவிட்டால் பக்கமே போய்விடுமா?

போகாது. பெயரைக் கொண்டு தேடினால் வராது. ஊர், ஆண்டு, வழக்கு எண் போன்ற வேறு சொற்களைக் கொண்டு தேடினால் வரக்கூடும். பக்கத்தையே எடுக்க வேண்டுமானால் அந்தத் தளத்தை நடத்துபவரிடம் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. தளத்தில் பக்கத்தை எடுத்துவிட்டார்கள், ஆனால் தேடல் முடிவில் பழைய வரிகள் இரண்டு இன்னும் தெரிகின்றன என்று பலர் பதறுகிறார்கள். காலாவதியான உள்ளடக்கத்தை நீக்கக் கேட்பதற்குக் கூகுள் ஒரு தனிக் கருவி வைத்திருக்கிறது. அதில் அந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால் போதும், காரணம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய நகல் கண்ணில் பட்டால், அதற்கு அந்தக் காப்பகத்துக்குத் தனியாக எழுத வேண்டும்.

ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2016இல் நிறைவேறி, 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 17ஆம் பிரிவுதான் அழிப்புரிமை. தகவல் வாங்கிய காரியம் முடிந்துவிட்டது, ஒப்புதலை விலக்கிக்கொண்டோம், மறுப்புத் தெரிவித்தும் அதை மீறி வைத்துக்கொள்ள நிறுவனத்துக்கு வலுவான காரணம் இல்லை, தகவலைக் கையாண்டதே சட்டத்துக்குப் புறம்பானது, வேறொரு சட்டமே அழிக்கச் சொல்கிறது, குழந்தையாக இருந்தபோது ஓர் இணையச் சேவைக்குக் கொடுத்த தகவல் அது என்ற இவற்றில் ஏதாவது ஒன்று பொருந்தினாலும் கேட்கலாம்.

இதற்குக் குடியுரிமை தேவையில்லை. பாரிஸில் கடை வைத்திருப்பவரும் பெர்லினுக்குப் படிக்க வந்த மாணவரும் எந்தக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் கேட்கலாம். நார்வே ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் இதே ஒழுங்குமுறை அங்கும் செல்லும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு இதையே தன் உள்நாட்டுச் சட்டமாக வைத்துக்கொண்டது. சுவிட்சர்லாந்துக்குத் தனிச் சட்டம். அதன் திருத்திய வடிவம் 2023 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கோரிக்கைக்குக் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்; சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தாமதமாகும் என்பதையும் அதற்கான காரணத்தையும் முதல் மாதத்துக்குள்ளேயே தெரிவித்தாக வேண்டும். தகவலை வேறு யாருக்கெல்லாம் கொடுத்தார்களோ அவர்களுக்கும் அழிப்பைத் தெரிவிப்பது நிறுவனத்தின் கடமை. இந்த உரிமைகளை மீறும் நிறுவனத்துக்கு 2 கோடி யூரோ, அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 4 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அதுவரை அபராதம் விதிக்கலாம்.

எப்போது மறுக்கலாம்?

கருத்துச் சுதந்திரத்துக்கும் செய்தி அறியும் உரிமைக்கும் அந்தத் தகவல் தேவைப்படும்போது மறுக்கலாம். சட்டமே வைத்திருக்கச் சொல்லும்போதும், பொதுச் சுகாதாரம், வரலாற்று ஆய்வு, ஆவணப் பாதுகாப்பு, வழக்கு நடத்துதல் ஆகியவற்றுக்குத் தேவைப்படும்போதும் மறுக்கலாம். இந்த விதிவிலக்குகள் இருப்பது நல்லதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். ஊரை ஏமாற்றியவர் தன் தடத்தை அழித்துக்கொள்ள இந்த உரிமை கருவியானால், அது உண்மையிலேயே தேவைப்படும் எளியவர்களுக்கும் கிடைக்காமல் போய்விடும்.

நீதிமன்றங்கள் இதை எப்படி நிறுத்துப் பார்க்கின்றன என்பதற்கு லண்டன் உயர் நீதிமன்றம் 2018 ஏப்ரலில் ஒன்றாக வைத்துப் பார்த்த இரண்டு வழக்குகளே நல்ல சான்று. இரண்டு தொழிலதிபர்கள், இருவரும் பல ஆண்டுகளுக்கு முன் தண்டனை பெற்றுச் சிறை சென்று வந்தவர்கள், தங்கள் பெயரைத் தேடினால் அந்தச் செய்தி வரக்கூடாது என்று இருவரும் கூகுள் மீது வழக்குப் போட்டார்கள். முதலாமவரின் குற்றம் கணக்கில் பொய் எழுதச் சதி செய்தது. அவர் இன்னும் தொழிலில்தான் இருந்தார், செய்த தவறுக்கு வருந்தியதாகவும் தெரியவில்லை. அவர் தோற்றார். இரண்டாமவரின் குற்றம் பிறரின் தகவல் தொடர்பை ஒட்டுக்கேட்கச் சதி செய்தது. அவர் தவற்றை ஒப்புக்கொண்டு வருந்தியிருந்தார், அப்போது அவர் செய்துவந்த தொழிலுக்கும் அந்தப் பழைய குற்றத்துக்கும் தொடர்பு இல்லை. அவர் வென்றார். அன்று அவர்கள் செய்த குற்றத்தோடு, இன்று அவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்பவர் அதை அறிய வேண்டிய தேவை இருக்கிறதா என்பதையும் சேர்த்தே நீதிபதி பார்த்தார்.

செய்தித்தாளில் வந்த பழைய செய்தியை எடுக்கச் சொல்ல முடியுமா?

செய்தியை அப்படியே அழிக்கச் சொல்வது மிகக் கடினம். பெயரை மட்டும் மறைக்கச் சொல்வதில் வெற்றி பெற்றவர்கள் உண்டு. பெல்ஜியத்தில் 1994இல் ஒரு மருத்துவர் ஓட்டிய கார் மோதி இருவர் இறந்தனர். அவர் தண்டனை அனுபவித்தார். 2006இல் சட்டப்படி மறுவாழ்வு ஆணையும் பெற்றார். 2008இல் ‘லெ சுவார்’ நாளிதழ் தன் பழைய இதழ்களை இணையத்தில் திறந்துவிட்டபோது விபத்துச் செய்தி மீண்டும் மேலே வந்தது. இணையப் பதிப்பில் அவர் பெயரை எடுத்துவிட்டு ‘எக்ஸ்’ என்று போடும்படி பெல்ஜிய நீதிமன்றங்கள் உத்தரவிட்டன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 2023 ஜூலை 4 அன்று, 12 நீதிபதிகள் ஒரு பக்கமும் 5 பேர் மறுபக்கமுமாக, அந்த உத்தரவு பத்திரிகைச் சுதந்திரத்தை மீறவில்லை என்று சொன்னது. அச்சுப் பிரதி அப்படியே இருக்கிறது. நூலகத்தில் போய்ப் புரட்டுபவருக்குப் பெயர் கிடைக்கும். ஒரு நொடித் தேடலில் மட்டும் கிடைக்காது. எனக்கு இது நியாயமான நடுவழியாகத் தோன்றுகிறது.

இந்தியாவில் இந்த உரிமை இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அது முழுமையாக நடைமுறைக்கு வரும் வழியில் இருக்கிறது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தபோது, முன்பு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தன் தனித் தீர்ப்பில் மறக்கப்படும் உரிமையைப் பற்றியும் எழுதினார். அதன் பிறகு வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதன் 12ஆம் பிரிவு, ஒப்புதலின் பேரில் வாங்கிய தகவலைத் திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையைத் தருகிறது. ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

சட்டம் வந்த பிறகும் விதிகள் வராததால் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எல்லாம் நின்றுகொண்டிருந்தன. 2025 நவம்பரில் விதிகள் அறிவிக்கப்பட்டன. அந்த அறிவிக்கையின்படி, தரவுப் பாதுகாப்பு வாரியம் பற்றிய பகுதி உடனேயும், நிறுவனங்களின் கடமைகளும் நம் உரிமைகளும் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தும், அதாவது 2027 மே மாதத்திலும், நடைமுறைக்கு வருகின்றன.

அந்த விதிகளில் இரண்டு செய்திகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2 கோடிப் பயனர்களுக்குக் குறையாத மின்வணிகத் தளங்களும் சமூக ஊடகங்களும், 50 லட்சம் பயனர்களுக்குக் குறையாத இணைய விளையாட்டுத் தளங்களும், மூன்று ஆண்டுகள் நாம் அந்தப் பக்கமே போகாவிட்டால் நம் தகவலை, நாம் கேட்காமலேயே, அழிக்க வேண்டும். அழிப்பதற்கு 48 மணி நேரம் முன்பு நமக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இது வரவேற்கத்தக்கது. மறுபக்கம், அரசு கேட்டால் கொடுப்பதற்காக, கையாண்ட தகவலையும் அதன் பதிவேடுகளையும் குறைந்தது ஓராண்டு எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று இன்னொரு விதி சொல்கிறது. அழிக்கக் கேட்பவரின் உரிமையை இது குறைக்கிறது என்பதே என் கருத்து.

தேடுபொறியின் முடிவிலிருந்து பெயரை விலக்குவது பற்றி இந்தச் சட்டத்தில் தனிப் பிரிவு கிடையாது. நாமே பொதுவெளியில் வெளியிட்ட தகவலுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது. எல்லோரும் பார்க்கும்படி முகநூலில் போட்ட படத்தை வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தினால், இந்தச் சட்டத்தின் துணை கிடைப்பது கடினம்.

நான் விடுதலையான வழக்கின் தீர்ப்பு இணையத்தில் இருக்கிறது. என் பெயரை எடுக்கச் சொல்ல முடியுமா?

இந்தக் கேள்விக்கான பதில் இப்போது உச்ச நீதிமன்றத்தில் நிற்கிறது. அதற்கு வழிவகுத்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்த வழக்குதான். கீழ்நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற ஒருவர், 2014இல் மேல்முறையீட்டில் விடுதலையானார். விடுதலை செய்த அந்தத் தீர்ப்பே இணையத்தில் அவர் பெயரோடு நின்று, போகும் இடமெல்லாம் குறுக்கே வந்தது. தீர்ப்பில் தன் பெயரை மறைக்கும்படி அவர் வழக்குத் தொடுத்தார். நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூலையில், முதல் பார்வைக்கு இது நியாயமான கோரிக்கையாகவே தெரிகிறது என்றார். விரிவாக வாதங்களைக் கேட்ட பிறகு, இதற்கான அளவுகோல்களை வகுக்க வேண்டியது சட்டமன்ற அமைப்பே என்று சொல்லி, ஆகஸ்ட் 3 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு 2024 பிப்ரவரி 27 அன்று அதை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்பை வெளியிட்டிருந்த இணையதளம் அதை எடுக்கவும் உத்தரவிட்டது. அந்த இணையதளம் உச்ச நீதிமன்றம் போக, 2024 ஜூலையில் இடைக்காலத் தடை கிடைத்தது.

தீர்ப்புகள் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்ற வாதத்தை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூடிய அறையில் வழங்கப்படும் நீதியை யாரும் சரிபார்க்க முடியாது. ஆனால் தீர்ப்பில் காரணங்கள் எல்லாம் அப்படியே இருக்க, பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் ஓர் எழுத்து நின்றால், சட்டம் படிப்பவருக்கோ நீதிமன்றத்தைக் கண்காணிப்பவருக்கோ குறைவது ஒன்றும் இல்லை. வரன் பார்க்க வரும் வீட்டாரும் வேலை கொடுக்கப் போகிறவரும், தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் உள்ள ‘விடுதலை’ என்ற சொல் வரைக்கும் படிப்பதில்லை. தலைப்பில் உள்ள பெயரையும் குற்றப் பிரிவின் எண்ணையும் பார்த்ததோடு மூடிவிடுகிறார்கள்.

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் என்றால் நிலை வேறு. அவர் அடையாளத்தை வெளியிடுவதே புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தையாக இருந்தால் போக்சோ சட்டமும் அதையே சொல்கிறது. ஒரு தீர்ப்பிலோ செய்தியிலோ அப்படிப் பெயர் வந்திருந்தால், தாமதிக்காமல் நீதிமன்றப் பதிவாளருக்கும் அந்தத் தளத்துக்கும் எழுதலாம்.

கடன் செயலி என் தொடர்பு எண்களை எடுத்துவைத்திருக்கிறது. 2027 வரை காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட மின்னணுக் கடன் வழிகாட்டு நெறிகளில் இருந்தே இதற்கு விடை இருக்கிறது. கைபேசியில் உள்ள கோப்புகள், படங்கள், தொடர்புப் பட்டியல், அழைப்புப் பதிவு ஆகியவற்றைக் கடன் செயலி தொடவே கூடாது. வாடிக்கையாளர் சரிபார்ப்புக்காகக் கேமரா, ஒலிவாங்கி, இருப்பிடம் ஆகியவற்றை ஒருமுறை மட்டும், அதுவும் வெளிப்படையான ஒப்புதலோடு பயன்படுத்தலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், செயலி திரட்டிய தகவலை அழிக்கச் சொல்லவும் கடன் வாங்கியவருக்கு வழி செய்து தர வேண்டும். செயலியின் பெயருக்குப் பின்னால் இருக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனம் எது என்று கடன் ஒப்பந்தத்தைப் பார்த்து, அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 30 நாட்களில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பின்னால் அப்படி எந்த நிறுவனமும் இல்லாத செயலி என்றால் அது சட்டவிரோதமானது. அதற்கு 1930 என்ற எண்ணையோ சைபர் குற்றப் பிரிவையோ நாட வேண்டும்.

கடனை அடைத்துவிட்டோம் என்பதற்காகக் கடன் கணக்கின் பதிவையே அழிக்கச் சொல்ல முடியாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி, கணக்கு உறவு முடிந்து ஐந்து ஆண்டுகள் வரை நிதி நிறுவனங்கள் ஆவணங்களை வைத்திருந்தாக வேண்டும்.

கணக்கை நீக்கிவிட்டேன். தகவலும் அழிந்துவிட்டது என்று நம்பலாமா?

நம்ப வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மகளுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் கழித்தும் அப்பாவின் கைபேசிக்கு வரன் கேட்டு அழைப்புகள் வந்துகொண்டிருந்தன. வரன் தேடும் தளத்துக்குப் பேசினால், ‘ப்ரொஃபைலை மறைத்துவிட்டோம் சார்’ என்றார்கள். அவர் ஒரு நாள் அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதியை என்னிடம் கொண்டுவந்து நீட்டினார். பட்டுப்புடவையில் எடுத்த படம், பூராடம் இரண்டாம் பாதம், உயரம், உட்பிரிவு, வேலை பார்க்கும் நிறுவனம், ஆண்டுச் சம்பளம், கீழே அவருடைய கைபேசி எண். ஒரு பெண்ணைப் பற்றி ஊரார் தெரிந்துகொள்ள வேண்டாதவை எல்லாம் ஒரே தாளில் இருந்தன. ‘மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் இதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?’ என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி.

மறைப்பது வேறு, அழிப்பது வேறு. ‘மறைக்க வேண்டாம், அழியுங்கள், உங்களோடு இணைந்த மற்றத் தளங்களுக்கும் தரகர்களுக்கும் இதைக் கொடுத்திருந்தால் அவர்களையும் அழிக்கச் சொல்லுங்கள், எந்தத் தேதியில் அழித்தீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்’ என்று மின்னஞ்சல் அனுப்பிய பிறகுதான் அழைப்புகள் நின்றன. தொலைபேசியில் நான்கு முறை பேசியும் நடக்காதது, எழுத்தில் ஒரு முறை கேட்டதும் நடந்தது.

ஆப்பிள் 2022 ஜூனில் இருந்து, செயலிக்குள் கணக்குத் தொடங்க வைத்தால் செயலிக்குள்ளேயே கணக்கை நீக்கவும் வழி வைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறது. கூகுள் பிளேயிலும் அதுபோன்ற விதி உண்டு. கைபேசியில் இருந்து செயலியை எடுத்துவிடுவது கணக்கை நீக்குவது ஆகாது. முகநூலில் நீக்கக் கேட்ட பிறகும், 30 நாட்களுக்குள் மீண்டும் உள்ளே நுழைந்து அந்த நீக்கத்தை ரத்து செய்ய முடியும்.

கோரிக்கையை எப்படி எழுதுவது?

நீண்ட கடிதம் வேண்டாம். கோபமும் வேண்டாம், அது நியாயமானதாக இருந்தாலும். முதலில் அந்தப் பக்கத்தின் முழு முகவரியைப் படியெடுத்து, தேதி தெரியும்படி திரைப்பிடிப்பும் (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு சான்று தேவைப்பட்டால் அது மட்டும்தான் கையில் இருக்கும். பிறகு நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் உள்ள குறைதீர் அலுவலரின் மின்னஞ்சலுக்கு இப்படி எழுதலாம்:

“ஐயா/அம்மா, உங்கள் தளத்தில் இந்த மின்னஞ்சலைக் கொண்டு கணக்கு வைத்திருந்தேன். இன்ன காரியத்துக்காக என் பெயர், படம், கைபேசி எண் ஆகியவற்றைக் கொடுத்தேன். அந்தக் காரியம் இன்ன தேதியில் முடிந்துவிட்டது. என் ஒப்புதலை இத்துடன் திரும்பப் பெறுகிறேன். கீழே கொடுத்துள்ள முகவரிகளில் உள்ள தகவல் உட்பட, என்னைப் பற்றி வைத்திருக்கும் தகவல் அனைத்தையும் அழித்து, அதை யாருக்கெல்லாம் கொடுத்தீர்களோ அவர்களும் அழிக்கும்படி செய்து, அழித்த தேதியை எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன். சட்டப்படி ஏதாவது ஒரு பகுதியை வைத்திருந்தாக வேண்டும் என்றால், எந்தப் பகுதி, எந்தச் சட்டம், எவ்வளவு காலம் என்று குறிப்பிடவும்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முழுவதையும் மறுத்து ஒற்றை வரியில் பதில் அனுப்புவதற்கு அது இடம் தருவதில்லை. ஐரோப்பாவில் இருப்பவர்கள் 17ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, ஒரு மாதக் கெடுவையும் சேர்த்து எழுதலாம்.

அடையாளச் சான்றாக ஆதாரைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

கேட்பவர் நீங்கள்தானா என்று உறுதி செய்துகொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஆனால் வெறும் மின்னஞ்சலைக் கொண்டு தொடங்கிய கணக்கை அழிக்க, அதே மின்னஞ்சலில் இருந்து எழுதுவதும் ஓடிபியும் போதும். தகவலை அழிக்கச் சொல்லப் போய்ப் புதிதாக ஒரு தகவலைக் கொடுத்துவிட்டு வரக்கூடாது. கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கி, அதன் மேல் எந்தக் காரியத்துக்கு, எந்தத் தேதியில் என்று எழுதி அனுப்புங்கள்.

அந்தரங்கப் படம் வெளியாகியிருக்கிறது. இதே வழிதானா?

இல்லை. ஒரு மாதக் கெடு இதற்குப் பொருந்தாது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் வேறொருவரோ புகார் கொடுத்ததும், மணிக்கணக்கில் எண்ணும் கெடுவுக்குள் தளம் அதை எடுத்தாக வேண்டும். சேர்த்து உருவாக்கிய பொய்ப் படத்துக்கும் இது பொருந்தும். தளத்தின் குறைதீர் அலுவலருக்கும், தேசிய சைபர் குற்ற இணையதளத்துக்கும் ஒரே நேரத்தில் புகார் கொடுங்கள். பரவிவிடும் என்ற அச்சம் இருந்தால் ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற தளம் உதவும்: படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாமல், அதன் எண் வடிவக் கைரேகை மட்டும் உருவாக்கப்பட்டு, பங்குபெறும் நிறுவனங்களுக்கு அனுப்பப்படுகிறது, அந்தக் கைரேகையோடு பொருந்தும் படத்தை அவை தங்கள் தளங்களில் தடுக்க முடியும்.

எந்தச் சூழலிலும் இதில் வெட்கப்பட வேண்டியவர் படத்தில் இருப்பவர் அல்ல. வீட்டில் சொல்லத் தயங்கி மூன்று நாட்களைக் கடத்திவிட்ட பிறகு வருபவர்களைப் பார்க்கும்போது மிகவும் வேதனையாக இருக்கிறது. அந்த மூன்று நாட்களில்தான் படம் பரவுகிறது.

ஒரு நாட்டில் விலக்கினால் உலகம் முழுவதும் விலகுமா?

விலகாது. பிரான்ஸ் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிக் கேட்டு, 2016இல் கூகுளுக்கு 1 லட்சம் யூரோ அபராதமும் விதித்தது. 2019 செப்டம்பர் 24 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், ஒன்றியத்தின் நாடுகள் அனைத்திலும் விலக்கினால் போதும், உலகம் முழுவதும் விலக்க ஒன்றியத்தின் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்றது. ஆகவே பாரிஸில் தெரியாத ஒன்று சென்னையில் தெரியலாம்.

பதிலே வராவிட்டால்?

ஐரோப்பாவில் அந்தந்த நாட்டின் தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடமும் பிரிட்டனில் தகவல் ஆணையர் அலுவலகத்திடமும் கட்டணமின்றி முறையிடலாம். நேராக நீதிமன்றமும் போகலாம். இந்தியாவில் புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்ததும், நிறுவனம் குறையைத் தீர்க்க எடுத்துக்கொள்ளும் காலம் 90 நாட்களைத் தாண்டக்கூடாது. அதன் பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியம், அதற்கு மேல் தொலைத்தொடர்புத் தகராறுகள் தீர்ப்பாயம். வாரியம் விதிக்கும் அபராதம் அரசுக்குப் போகும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழி இல்லை. ஐரோப்பியச் சட்டத்தில் உள்ள அந்த வழி இங்கே விடுபட்டது பெரிய குறை. பொய்ப் புகார் கொடுப்பவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு என்பதையும் அறிந்துவைத்திருங்கள்.

இலங்கையில்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் எண் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிப்புரிமையைத் தருகிறது. தரவுப் பாதுகாப்பு அதிகாரசபையும் அமைக்கப்பட்டது. உரிமைகள் பற்றிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் தேதி தள்ளிப்போனதால், கோரிக்கை அனுப்பும் முன் அதிகாரசபையின் அப்போதைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இறந்துபோனவரின் தகவலை அழிக்கச் சொல்ல முடியுமா?

ஐரோப்பிய ஒழுங்குமுறை உயிரோடு இருப்பவர்களுக்கு மட்டுமே பொருந்தும். இறந்தவர்களைப் பற்றி ஒவ்வொரு நாடும் தனியாகச் சட்டம் செய்துகொள்ளலாம். பிரான்ஸ் 2016இல் அப்படி ஒன்றைச் செய்து, தான் இறந்த பிறகு தன் தகவலை என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்க வழி தந்தது. இந்தியச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதை இன்னும் எளிதாக்குகிறது: வங்கிக் கணக்குக்கு வாரிசு நியமிப்பதைப் போலவே, நமக்குப் பிறகு இந்த உரிமைகளைப் பயன்படுத்தவும் ஒருவரை நியமிக்கலாம். இறந்துபோன அம்மாவின் பிறந்தநாளுக்கு ஆண்டுதோறும் வாழ்த்துச் சொல்லச் சொல்லி நினைவூட்டும் அறிவிப்பை நிறுத்த, அந்தப் பிரிவு நடைமுறைக்கு வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். முகநூலும் கூகுளும் தங்கள் அமைப்புப் பக்கங்களில் இப்படி ஒருவரை முன்கூட்டியே குறிப்பிட்டுவைக்க ஏற்கெனவே இடம் தருகின்றன; குறிப்பிடாமல் போனவர்களின் கணக்குக்கு, நெருங்கிய உறவினர் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பிக்கலாம்.